அழுக்குப் படலம்

"உனக்குக் கை சரியில்லம்மா," என்றார் ஆய்வகத் தலைவரான மேடம், அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தக் குழாயெல்லாம் கணக்குல சேராது. திங்கட்கிழமை தூக்கிப் போட்டுடலாம்."

இளம் ஆய்வாளருக்குக் காது மடல் வரை சுட்டது. தூக்கிப் போடுவதாம்! வைரஸ் நுரையீரலைப் பிடித்து, மூச்சுக்கருவியோடு படுத்துக் கிடந்தவர்களின் ரத்தம் அது. அவர்கள் வீட்டார் வராந்தாவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சம்மதம் சொல்லித் தந்தது. அவர்களில் சிலர் வீடு திரும்பவே இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

வேலை என்னவோ பார்க்கச் சுலபம்தான். கண்ணாடி போன்ற ஒரு திரவத்தின் மேல் ரத்தத்தைப் பூப்போல இறக்கி, இயந்திரத்தில் வைத்துச் சுழற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் போய் உட்காரும். கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்கிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் கூடவே அடிக்குப் போய்விடும். மற்ற வெள்ளையணுக்கள் நடுவில் மெல்லிய வெண்படலமாக மிதக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் கலந்து படலம் அழுக்காகிவிடும். மேடம் இதில் பேர்போனவர். தான் பிரித்த படலத்தில் நியூட்ரோஃபில் இருந்தால் பேரையே மாற்றிக்கொள்வதாகச் சவால் விடுவார். ஆய்வாளரின் குழாய்களிலோ அவை கூட்டம் கூட்டமாக இருந்தன.

வீட்டில் அவள் பொருமித் தீர்த்தபோது, பஸ் ஓட்டும் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"விட்டுத் தள்ளு. பேசாம என் பஸ்ஸுக்குக் கண்டக்டரா வந்துடு."

"விளையாடாதீங்க! கை மோசம்னா எல்லாக் குழாயும் மோசமா வரணும்ல? லேசான காய்ச்சலோட வந்தவங்க குழாய் பளிச்சுனு இருக்கு. மூச்சு முட்டிக் கிடக்கறவங்களோடது மட்டும்தான் அழுக்கா இருக்கு. யாருக்கு எவ்வளவு முடியலைன்னு என் கைக்கு எப்படிங்க தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, கோளாறு கையில் இல்லை, ரத்தத்தில். அவன் மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"அப்ப இதை அந்தம்மாகிட்டயே போய்ச் சொல்லேன்."

"சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்க கையாலயே செய்யட்டும்."

திங்கட்கிழமை புது ரத்தம் இரண்டு குழாய்களில் வந்தது. ஒன்று லேசான நோயாளியுடையது, மற்றது மூச்சுக்கருவியில் இருப்பவருடையது. எது யாருடையது என்று தெரியாதபடி ஆய்வாளர் எண் மட்டும் எழுதி ஒட்டினாள்.

"மேடம், நீங்களே ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கறேன்."

குரலில்தான் எத்தனை பணிவு! மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, சொட்டுச் சொட்டாக ரத்தத்தை இறக்கினார். குறை சொல்ல முடியாது, கை அசையவே இல்லை.

இயந்திரம் சுற்றி நின்றது. முதல் குழாயில் படலம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாவதில் தடித்து, சிவப்போடிக் கலங்கிக் கிடந்தது. மேடத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"ரெண்டும் ஒரே மெஷின்ல ஒண்ணாத்தான் சுத்துச்சு மேடம்."

கலங்கிய படலத்தில் ஒரு சொட்டை எடுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார் மேடம். குனிந்து, கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"நியூட்ரோஃபில்தான். ஆனா எல்லாம் பிஞ்சு. முழுசா வளர்றதுக்குள்ள எலும்பு மஜ்ஜையிலேர்ந்து கிளம்பி வந்திருக்கு. அடர்த்தி பத்தல, அதான் அடியில தங்காம மேல மிதக்குது." தலையைத் தூக்கினார். "இது யாரோட ரத்தம்?"

"மூச்சுக்கருவியில இருக்கறவரோடது மேடம்."

"நீ பிரிச்ச பழைய குழாயெல்லாம்?"

"அவ்வளவு மோசமா இருந்தவங்க எல்லாருக்கும் இதே கதைதான்."

மேடம் சட்டென்று திரும்பினார். "இவ பிரிச்ச குழாய்ப் பெட்டியை யாரும் தொடக் கூடாது! ஒரு குழாயைக்கூட வீசக் கூடாது. நோய் முத்தினா உடம்பு எப்படித் தடுமாறிப் பிஞ்சையெல்லாம் சண்டைக்கு அனுப்புதுன்னு இந்தப் பொண்ணு கண்ணு முன்னால கொண்டுவந்து வச்சிருக்கா, நாம அழுக்குன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கோம். கட்டுரையில முதல் பேரு இவளோடதுதான்."

ஆய்வாளருக்குச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வராந்தாவில் நின்ற அத்தனை முகங்களும் நினைவுக்கு வந்தன. அதற்குள் வார்டிலிருந்து அடுத்த குழாய் வந்துவிட, மேடம் ஆய்வாளரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆவலாகக் கையை நீட்டினார்.

ஆய்வாளர் கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எழுந்திருங்க மேடம். அது என் இடம்."

மேடம் எழுந்து, தன் கையாலேயே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.