பூசைக்கு முந்தின நாள்

விடிந்ததிலிருந்து ஆஞ்சப்பன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். சக்கரத்தில் அப்பியிருந்த உத்தனப்பள்ளிச் செம்மண்ணைக் குச்சியால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சேந்தி ஊற்றினான். ஓசூர் - ராயக்கோட்டைப் பாதையில் ஒன்பது வருஷமாக அவன் ஓட்டும் வண்டி. மறுநாள் ஆயுத பூசை.

பெங்களூர் ஃபேக்டரி ஒன்றில் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். ஆஞ்சப்பன் போய் ஓட்டிக் காட்டியாகிவிட்டது, கண் பரிசோதனையும் முடிந்தது. ஆர்டர் தபாலில் வரும், ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள்.

"காயிதம் கைக்கு வரட்டுங்க. அப்புறம் மொதலாளிகிட்ட வாயத் தெறக்கலாம்," என்று அவன் மனைவி காவேரி களி கிண்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். "ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. நடுவுல என்னாத்தத் துன்றது?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் பூசையன்று முதலாளி நாராயணப்பன் ஒவ்வோர் ஆளுக்கும் தன் கையால் வேட்டி கொடுப்பார். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த மாதமே போகிறேன் என்று எந்த முகத்தோடு நிற்பது? விஷக் காய்ச்சலில் கிடந்தவனைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். இல்லாவிட்டால் ஆஞ்சப்பன் என்றைக்கோ மண்ணுக்குள் போயிருப்பான்.

சாயங்காலம் கைகால் கழுவி, வெற்றிலை பாக்கோடு முதலாளி முன்னால் போய் நின்று பெங்களூர் வேலையைச் சொன்னான்.

"இந்த மாசம் பூரா ஓட்டறேன் மொதலாளி. புது ஆளுக்கு வழி பழக்கி உட்டுட்டுத்தான் போவேன். உங்க புண்ணியத்துல இருக்கற உசுரு இது."

நாராயணப்பன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. "நல்லா இருடா. ஆனா போறவன் மனசு வண்டியில நிக்காது. நாளைக்கே எங்க அக்கா மவன் முனிவேலு ஏறிக்கட்டும். சாவியக் குடுத்துட்டுப் போ."

மறுநாள் யாரும் கூப்பிடாமலே ஆஞ்சப்பன் பூசைக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓரமாக நின்றான். முதலாளி பேர் பேராகக் கூப்பிட்டு வேட்டி கொடுத்தார். கடைசி வேட்டி முனிவேலுக்கு. ஆஞ்சப்பனுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டான். வருத்தமில்லை என்றால் பொய். ஆனால் அந்தக் கும்பிடு பொய்யில்லை.

சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். முனிவேல் சாவியைத் திருப்பினான். வண்டி முனகிவிட்டு அடங்கியது. இறங்கி வந்து, முன்பக்கம் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்றினான். அது திருப்பி அடித்தது. கையை உதறிக்கொண்டு நின்றான்.

"கட்டவெரல மடக்கிப் புடிக்கக் கூடாது தம்பி, மணிக்கட்டு போயிரும். நீ மேல ஏறு."

பொட்டலத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஆஞ்சப்பன் குனிந்தான். இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஹேண்டிலை உருவிக்கொண்டு ஒதுங்கினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, கண்டக்டர் "ரைட்" என்றான், வண்டி தெருவில் இறங்கிவிட்டது.

அப்போதுதான் கையைப் பார்த்தான். உத்தனப்பள்ளி ஏற்றத்தில் வண்டி நின்றால் இது இல்லாமல் கிளப்ப முடியாது.

"முனிவேலு! ஹேண்டிலு! ஹேண்டிலு!"

கனத்த இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு, பூசை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த தபாலாபீஸைத் தாண்டி, வெறுங்காலோடு அவன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினான்.