வடிவின் வேண்டுதல்

வடிவு இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஓலைத் தட்டி மறைப்புக்குள் நீராட்டி முடித்திருந்தார்கள். தாட்சாயிணி தன் அண்ணியின் தலையை மடியில் வைத்து ஈரக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சிக்கு எடுக்கும்போது வலிக்குமோ என்று கை தானாக மெதுவாகப் போயிற்று.

“இடுப்பு வரிக்கும் வளந்துகீது பாரு,” என்றாள் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள். “அன்னிக்கி மொட்டத் தலயோட எலுமிச்சங்கா மாரி நின்னா.”

தாட்சாயிணிக்குப் பதின்மூன்று வயதில் விஷ ஜுரம் வந்தது. இறங்கும்போது முடியையும் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோயிற்று. மிச்சத்தை அம்மா பொன்னம்மாள் மழித்துவிட்டாள். அதன் பிறகு அவள் உள்ளறையை விட்டு வரவில்லை. கிணற்றடிப் பெண்கள் கூப்பிட்டும் போகவில்லை. கஞ்சியைத் தொடவில்லை.

பூந்தமல்லி டாக்டர் நாடி பார்த்தார். “வியாதி போயிடுச்சு. இப்படிச் சுவரைப் பாத்துப் படுத்திருந்தா பொண்ணு தங்காது,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வடிவு திருவேற்காட்டுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“இன்னாடி இது? புருசன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ!” என்று பொன்னம்மாள் பதறினாள்.

“நாத்தனா பொழைக்கணும்னு வேண்டிகினேன் அத்தே.”

வேண்டுதல் என்றதும் பொன்னம்மாள் அடங்கிப்போனாள்.

வடிவு உள்ளறைக்கு வந்து முக்காட்டைத் தள்ளினாள். “இனிமே சிரிக்கிறவ ரெண்டு பேரயும் பாத்துதான் சிரிக்கணும். எய்ந்திரு, தண்ணிக்கிப் போலாம்.” பிறகு காதோடு ஒன்று சொன்னாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆளுக்கொரு குடத்தோடு தெருவில் நடந்தார்கள். யுத்தத்துக்காக ஆவடியில் போட்டிருந்த கிடங்கிலிருந்து வேலை முடிந்து வந்த அண்ணன் எத்திராஜ், சைக்கிளை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இதுல எது எம் பொண்டாட்டி?”

தாட்சாயிணி சிரித்தாள். அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முடி காதைத் தொடுவதற்குள் கிணற்றடியில் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

அந்த அண்ணியைத்தான் இப்போது காமாலை கொண்டுபோயிற்று.

“காமால ஒரு சாக்கு,” என்றாள் வேம்புலியம்மாள். “முடி குட்த்தா, செரி. பொங்கலு வெச்சாளா? அர வேண்டுதல ஆத்தா ஏத்துக்க மாட்டா.”

பொன்னம்மாள் மூக்கைச் சிந்தினாள். “நானும் கேட்டுகினேதான் இருந்தேன். அப்பறம், அப்பறம்னா. தெய்வ குத்தத்த அவளே தேடிகினா.”

தட்டிக்கு வெளியே நின்ற எத்திராஜின் இருமல் நின்றது. கேட்டுவிட்டான். நம்பியும் விடுவான்.

தாட்சாயிணி கூந்தலை மூன்று காலாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். நாலு பேர் நடுவில் அம்மாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். தட்டிக்கு வெளியேயும் கேட்கும்படி சொன்னாள்:

“அண்ணி எதுவும் வேண்டிக்கவே இல்லமா. எனக்குத் தொணையாதான் மொட்ட போட்டுகினு வந்துச்சி.”