உள்பக்கக் கறுப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் போனது இந்தக் கதைக்காக இல்லை, ஒரு வெடிகுண்டுக்காக.

என் தொடர்கதையில் கதாநாயகி பூட்டிய அறையில் குண்டோடு உட்கார்ந்திருந்தாள். எந்த ஒயர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. (இத்தனை வருடமும் “சிவப்பு ஒயரை வெட்டு” என்றே ஒப்பேற்றிவிட்டேன். வாசகர்கள் பெருந்தன்மையானவர்கள்.) அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரைக் கேட்கலாம் என்று ஒரு மத்தியானம் போய் நின்றேன்.

மேஜை மேல் பேட்டரி செல், மெல்லிய ஒயர், சுவிட்ச், புகையும் சால்டரிங் கம்பி. அதன் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு அத்தான்.

முதல் வரி தானாக ஓடி வந்தது. ‘அவர் விரல் ஒரு நூல் பிசகினால் அந்தத் தெருவே

அடித்துவிட்டேன். அது குண்டில்லை. இரண்டு சாண் நீளத்தில் பிளாஸ்டிக் பயணிகள் கப்பல். பெட்டியில் துண்டு துண்டாக வருமே, ஒட்டிச் செய்கிற மாடல்.

2

“லைட் போடறேன், எழுத்தாளரே. ஜன்னலெல்லாம் எரியணும்” என்றார் அத்தான்.

எல்லாம் வீட்டுச் சரக்கு. உடைந்த பொம்மை டார்ச்சில் பிடுங்கிய பல்புகள், அறுந்த இயர்போனின் ஒயர். ஊசியைக் காய்ச்சிக் குத்திய ஜன்னல்கள். வட்ட செல் மட்டும் எடை மெஷினிலிருந்து.

“என் வெயிட்டையே நிறுத்திட்டார்டா” என்று உள்ளறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “இனிமே நான் எவ்வளவு ஏறியிருக்கேன்னு அந்தக் கப்பல்தான் சொல்லணும்.”

குரல்தான் வந்தது. அவள் வரவில்லை.

3

(இது பின்கதை. பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் முதலில் வெட்டுவார்.)

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து மாடல் செய்கிறவர்கள். ஒட்டுவது அவர், வண்ணம் அவள். பெயின்ட் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. அதனால் வீட்டுச் சட்டம்: அவர் ஒட்டி முடிக்கும்வரை அவள் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. இதற்காகச் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, பேசி, பிறகு சட்டமே பழகிவிட்டது.

போன வருடம் அக்காவின் பார்வைக்கு நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்தது. ஓரத்தில் தெரியும், நேரே பார்த்தால் தெரியாது. வெளிச்சம் தெரியும், நுணுக்கம் தெரியாது. போனது திரும்பாது என்றார் டாக்டர். அன்றோடு அவள் மேஜைக்கு வருவதை விட்டாள். “உங்க கப்பல், நீங்களே பார்த்துக்குங்க.”

முதல் வரைவில் அத்தானைப் பிடிவாதக்காரர் என்று எழுதியிருந்தேன். தப்பு. வெளிச்சமாவது அவளுக்குத் தெரியுமே, தெரிந்தால் மேஜைக்கு வருவாளே என்று மனிதர் கணக்குப் போட்டிருந்தார்.

4

திரையை இழுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

ஜன்னல்கள் எரியவில்லை. கப்பலே எரிந்தது.

விளக்கு வைப்பதென்றால் உள்பக்கம் கறுப்பு அடித்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் முழுக்க வெளிச்சம் கசியும். அத்தானுக்குத் தெரியாததில்லை. ஒட்டிய பிறகுதானே பெயின்ட்? பழகின கை, இரண்டு பாதியையும் சேர்த்து மூடிவிட்டது.

“போச்சு” என்றார்.

“என்ன அது?”

அக்கா கதவருகே நின்றாள். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தபடி நாற்காலியைத் தடவிக்கொண்டு மேஜைவரை வந்துவிட்டாள்.

“முனை தெரியுது. புகைபோக்கி தெரியுது.” குனிந்தாள். “இங்க ஒட்டு விட்டிருக்கு. கோடா ஒழுகுது பாருங்க.”

“உனக்குத் தெரியுதா?”

“உங்க ஒட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா? உள்ள ஏன் கறுப்பு அடிக்கலை?”

“பெயின்ட் உன் டிபார்ட்மென்ட். நீதான் வரலையே.”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

(இங்கே அத்தானுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி அடித்தேன். நிஜத்தில் அவர் கப்பலைத் திருப்பி ஒட்டைத் தடவினார்.)

“பிரிங்க, நான் அடிக்கறேன். உள்பக்கம்தானே? கோணலாப் போனாலும் எவன் பார்க்கப் போறான்?”

அவர் கத்தியை எடுத்து ஒட்டின கோட்டில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

“அடிச்சா ஜன்னல் மட்டும்தான் எரியும். ஊசிப் பொட்டு. அது உனக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் உறைக்குது.”

“அடிக்காட்டி எனக்கு இங்க என்ன வேலை?”

5

முடிவு ஒன்று: பிரிக்கிறார்கள். அக்கா மறுபடி பிரஷ் பிடிக்கிறாள். கப்பல் சரியாக வருகிறது, அவளைத் தவிர எல்லோர் கண்ணுக்கும்.

இன்னொன்று: அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவள் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டு சும்மா

மூன்றாவது என் கைங்கரியம். ஒரு பாதிக்கு மட்டும் கறுப்பு. மறுபாதி அக்காவுக்காகக் கசியட்டும். பெருமையோடு அக்காவிடம் போனில் சொன்னேன்.

“அரைக் கப்பலாடா? உன் கதையில மாட்டிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் தப்பிக்கறான்.”

“சரி, நீங்க என்னதான் பண்ணீங்க?”

“வந்து பாரு.”

போகவில்லை. போனால் எழுதிவிடுவேன். பூட்டிய அறைகளைத் திறந்து திறந்தே பிழைப்பு நடத்துகிறவன். இந்த ஒன்றையாவது விட்டுவைக்கிறேன்.

நீங்கள் போங்கள். மத்தியானமாகத்தான் இருக்கும், திரையை இழுத்துவிடுங்கள். அத்தான் நாற்காலி தருவார். அக்கா தலையைச் சாய்த்தபடி உங்கள் பக்கத்தில் நிற்பாள். கப்பல் நிற்கும் பலகையின் இடது ஓரத்தில் விரலை விட்டால் சுவிட்ச் தட்டுப்படும்.

போடுங்கள்.