ஸ்ரீஸ்கந்தராஜாவின் ஜெர்மன்

செசீலியாவுக்கு ஸ்ரீஸ்கந்தராஜாவை எப்போதுமே பிடிக்காது. அன்று காலை துன் என்ற ஏரிக்கரை ஊரின் ரயில் நிலையத்தில் முழங்கால்வரை சிவப்புக் காலுறையும் இறகு செருகிய தொப்பியுமாக அவர் வந்து நின்றபோது, அந்த வெறுப்பு இன்னும் ஒரு படி ஏறியது. கையில் ஊன்றுகோல். மலையேறிய ஊர்களின் பெயர் பொறித்த சின்னத் தகடுகளை அதில் வரிசையாக அடித்திருந்தார். அவர் ஒரு மலையும் ஏறியதில்லை. தகடுகள் எந்த ஏரிக்கரைக் கடையில் விற்கின்றன என்பது, பக்கத்து ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்த செசீலியாவுக்கு நன்றாகத் தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம். ஏரிக்கு மேலே உள்ள காட்டுப் பூங்காவில், இயற்கை ஆர்வலர் குழுவொன்று தஞ்சம் கோரி வந்த தமிழருக்காக ஒரு நடைப் பயணம் ஒழுங்கு செய்திருந்தது. பன்னிரண்டு பேர் போனார்கள். வழிகாட்டி ஃபிராவ் கெர்பர் என்ற வயதான பெண்மணி. ஜெர்மனும் பிரெஞ்சும் தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க ஸ்ரீஸ்கந்தராஜா. ஹோட்டல் சமையலறையில் மூன்று வருடம் பாத்திரம் கழுவி அவர் பழகிய ஜெர்மன் அது.

ஃபிராவ் கெர்பர் ஒரு மரத்தைத் தட்டி, "பௌம்" என்றார். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மூன்று முறை. எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரே புன்னகை.

மன்னாரில் ஆறு வருடம் தாவரவியல் படிப்பித்தவள் செசீலியா. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, இந்த மரத்துக்கு லத்தீன் பேர் என்னெண்டு கேளுங்கோ."

"உதெல்லாம் கேட்டா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம், தங்கச்சி? பேசாமல் வாரும்."

அதன்பிறகு ஃபிராவ் கெர்பர் ஒரு பறவையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஸ்ரீஸ்கந்தராஜா திரும்பி, "குருவி" என்றார். எறும்புப் புற்றருகே இன்னும் நீண்ட பேச்சு. "எறும்பு. கடிக்குமாம்." அவருக்குப் புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் செசீலியாவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஓடைக்கரையில், நிழலில், அகலமான பச்சை இலைகள் பாய் விரித்ததுபோல மண்டிக் கிடந்தன. ஃபிராவ் கெர்பர் இரண்டு கையிலும் ஒவ்வொரு இலையை உயர்த்திக் காட்டினார். வலது கை இலையைக் கசக்கி மணக்கக் கொடுத்தார். உள்ளிப் பூண்டின் மணம். இடது கை இலையைக் காட்டியும் நெடுநேரம் பேசினார், அதே புன்னகையோடு.

"இது சமைக்கிற இலை," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "மற்றது காடு எங்களுக்குத் தாற பரிசாம். ஆயலாம்."

ஃபிராவ் கெர்பர் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டப் போய்விட்டார். இந்திரா என்ற இளம் பெண் கீரைபோல வறை சுண்டலாம் என்று பை நிறைய ஆயத் தொடங்கினாள். மற்றவர்களும் குனிந்தார்கள். செசீலியா ஓர் இலையைக் கசக்கி மணந்தாள். பூண்டு மணம். அடுத்ததைக் கசக்கினாள். ஒரு மணமும் இல்லை.

"அண்ணை, பரிசுக்கு அவ என்ன சொல் சொன்னவ?"

"கிஃப்ட். இங்கிலீசும் ஜெர்மனும் ஒண்டுதானே."

சலவை அறையில் கறை நீக்கும் திராவகப் போத்தலில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும். படத்தின் கீழே அதே சொல்.

"இந்திரா, பையைக் கொட்டும். எல்லாரும் கொட்டுங்கோ. அது நஞ்சு எண்டு சொன்னவ."

"உமக்கு ஜெர்மன் தெரியுமோ?" ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். "ஆக்களைப் பயப்படுத்தாதையும்."

"அப்ப நீங்கள் தின்னுங்கோ." மணமில்லாத இலையை அவள் நீட்டினாள். "எல்லாருக்கும் முன்னால. பரிசுதானே."

பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். இலையை வாங்கினார். வாயில் வைத்துக் கடித்தார்.

அப்போது சுள்ளிகளோடு திரும்பிய ஃபிராவ் கெர்பர் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவின் கன்னத்தைப் பிடித்து அமுக்கி, விரலை விட்டு இலையைத் தோண்டி எடுத்தார். பிறகு ஓடையருகே இழுத்துப்போய்ப் பத்து முறை வாய் கொப்பளிக்கச் செய்தார். விழுங்கியிருக்கவில்லை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஃபிராவ் கெர்பர் அரை மணி நேரம் எல்லாரையும் ஏசினார், இம்முறை புன்னகை இல்லாமல். மொழிபெயர்க்கச் சொல்லி ஸ்ரீஸ்கந்தராஜாவையே முன்னால் நிறுத்தினார். நனைந்த தாடையோடு அவர் தமிழில் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் நான் சொன்னதை ஒழுங்காய்க் கேட்டிருக்க வேணுமாம்."

பேருந்தில் அவர் முன் இருக்கையிலிருந்து, "சந்தேகம் வந்தது. அதுதான் ஆருக்கும் ஒண்டும் வரக்கூடாதெண்டு நானே கடிச்சுப் பாத்தனான்," என்று கதைத்தார். அவருக்குப் பின்னாலிருந்த இரண்டு ஆண்கள் ஓமோம் என்று தலையாட்டினார்கள்.

செசீலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரால் மட்டும் அல்ல. அவர் இலையை வாயருகே கொண்டுபோனபோது தடுக்க அவளுக்கு நேரம் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் கையை நீட்டவில்லை. கடிக்கட்டும் என்றுதான் நின்றாள். அந்த ஒரு நொடி அவளுக்கு இனிமையாகவும் இருந்தது.

பக்கத்தில் இந்திரா மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அடுத்த மாதமும் கூப்பிட்டிருக்கினம். நீங்கள் வருவியளோ?"

"வருவன்," என்றாள் செசீலியா. "அகராதி ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன். அந்தாளின்ர வாயை நம்பி இனி ஒருத்தரும் காட்டுக்குள்ள போகக் கூடாது."