தளத்து மேல கீத்து

காலை ஷிஃப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜாய்ஸைக் கட்டிலில் காணோம். சமையலறையிலும் இல்லை. பாத்ரூம் வாசலில், கால் உள்ளே, தலை வெளியே, ஈரத் தரையில் நைட்டியோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டு மாத வயிறு. எனக்கு உயிரே போய்விட்டது. "அய்யோ ஏசப்பா, வுழுந்துட்டியாடி?" என்று கையிலிருந்த சோத்து டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "வுழலம்மா. இந்த எடம்தான் சில்லுனு கீது. கொஞ்ச நேரம் வுடேன்."

விழவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல கோபம். படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, தலைப் பிரசவத்துக்கு என்று ஊரெல்லாம் சொல்லி, கை நிறைய வளையலோடு அழைத்து வந்த மகள், என் வீட்டில் படுக்க இடமில்லாமல் கக்கூஸ் வாசலில் கிடக்கிறாள். எனக்குத் தலைப் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு கிடையாது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இவளைப் பெற்று எடுத்துக்கொண்டு நேராக மாமியார் வீட்டுக்குத்தான் வந்தேன். பத்தியச் சோறு நானே பொங்கி நானே தின்றேன். என் பெண்ணுக்கு அந்தக் கதி வரக் கூடாது, அவள் என் கையால்தான் பூண்டுக் குழம்பு சாப்பிட வேண்டும் என்று அவள் சடங்கான நாளிலிருந்தே எனக்கு ஒரு வெறி. வெறி என்றே சொல்கிறேன், ஆசை என்றால் பத்தாது.

அவளைத் தூக்கி உட்கார வைத்து முதுகில் ஈரத் துண்டால் துடைத்துவிட்டேன். முதுகு முழுக்க வேர்க்குரு. துடைக்கும்போதே மெதுவாகக் கேட்டாள்: "ம்மா, நான் வோணா ஊரப்பாக்கத்துக்கே போயிடட்டுமா? அங்க ஏசி நல்லா ஓடுது. அத்தை டெய்லி போன் பண்ணி கூப்டுறாங்க."

"கூப்டுவாங்க, கூப்டுவாங்க. இந்த அக்னி நட்சத்திரம் முடியட்டும், எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், அனல் அடித்தது, மூடினேன், மறுபடி திறந்தேன். அந்த மாதம் முழுக்க எனக்கு இதே பிழைப்பு. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகும்.

என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் கம்பி கட்டுகிறவர். கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எழும்பின கட்டடங்களில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கிறது. எங்கள் வீட்டுத் தளத்துக்கு அவர் கட்டிய கம்பி யானையை ஏற்றினாலும் அசையாது என்று பெருமை பேசுவார். யானை எங்கே ஏறியது, வெயில்தான் ஏறியது. பகலெல்லாம் வாங்கின சூட்டைத் தளம் சாயங்காலத்துக்கு மேல் பொறுமையாகக் கீழே இறக்கும். முன்பெல்லாம் மதியம் சாய்ந்ததும் கடக்காத்து வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். கிழக்கே கல்யாண மண்டபம் எழும்பியதிலிருந்து காத்து அந்த மண்டபத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. அந்த மண்டபத்துக்குக் கம்பி கட்டியதும் என் வீட்டுக்காரர்தான், வேறு யார்.

மகள் வந்ததிலிருந்து மனுஷன் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில், பொழுது சாயும்போது தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழும்பி வீடே இட்லிக் குண்டானாகிப் போனது. அப்புறம் சுண்ணாம்பில் பசை கலந்து தளத்துக்கு வெள்ளை அடித்தார். உச்சி வெயிலில் அடித்தது அப்பளமாகப் பொரிந்து தெருவெல்லாம் பறந்தது. தளத்தைக் கழுவிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் மறுபடி இரண்டு கை அடித்தார். அது பிடித்துக்கொண்டது. சூடும் கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எதிர் மாடி பார்வதம் வந்து, "இன்னாண்ணாத்த, ஒங்கூட்டு மாடி கண்ணாடி கணக்கா மின்னுது, எங்கூட்டு ஜன்னலாண்ட நிக்க முடியல" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் போனாள். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். கடலோரப் புழுக்கத்தில் ஈரச் சாக்கு என்ன செய்யும், வேர்வை இன்னும் பிசுபிசுத்தது. கடைசியாகத் தவணையில் ஏசியும் வந்தது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் அதே வருஷம்தான் ஏசி வந்திருக்கிறது. மதியம் ஆனாலே வோல்டேஜ் படுத்துவிடும், பொழுது போனால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஏசி குளிர் கொடுக்காமல் வயிற்று வலிக்காரி மாதிரி முனகிக்கொண்டு கிடக்கும்.

நான் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் துணி தேய்க்கிறேன். அங்கே ரூமெல்லாம் காங்கிரீட்தான், ஆனால் ஒவ்வொரு தளத்துக்கு மேலும் கூரை மாதிரி தென்னங்கீத்து வேய்ந்திருக்கிறார்கள். தேய்த்த பெட்ஷீட்டை அடுக்க உள்ளே போனால், ஏசி போடாத ரூம்கூட மரத்தடி மாதிரி இருக்கும். ஜாய்ஸ் பாத்ரூம் வாசலில் கிடந்த அன்று சாயங்காலம், அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தேன்.

"தளத்து மேல நாலு சவுக்குக் கம்பு நட்டு கீத்து போட்டுடலாமாய்யா? வெயில் தளத்துல படாது. வூடு தன்னால குளுந்துடும்."

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. "இன்னா சொன்ன?"

"கீத்துதான். ரிசார்ட்ல அப்டித்தான் போட்டுகிறான். வெள்ளக்காரன்லாம் அதுல தங்கத்தான் ஏரோப்ளேன் ஏறி வரான்."

"அவன் ரெண்டு நாள் தங்கிட்டுப் பூடுவான். நான் அதுலயே பொறந்தவன்டி." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "என் உசுரு கீற வரைக்கும் இந்த வூட்டு மேல கீத்து ஏறாது" என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடிசைதான். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும். கீத்துக்கு, அவர் அப்பா கூலி வேலை செய்த தென்னந்தோப்புக்காரர் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். முன்வாசலில் போகக் கூடாது. தோப்பு வழியாகப் பின்பக்கம் போய், தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து "எடுத்துக்கினு போடா" என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். இவரும் அப்பாவோடு போய் நிற்பார். சில வருஷம் சொல்ல மறந்தே போய்விடுவார்களாம். அப்போது இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்து, அந்த மழையை ஒழுகும் கூரைக்குக் கீழே கழிப்பார்கள். எங்கள் தளம் போட்ட அன்று பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்ததும், காயாத காங்கிரீட் ஓரத்தில் நின்று இதையெல்லாம் என்னிடம் சொல்லி அழுதார். எனக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் மகள் முதுகில் வேர்க்குரு வெடித்துக்கொண்டிருந்தால் எனக்கு என்னத்தைப் புரிந்து என்ன?

சனிக்கிழமை ஜாய்ஸுக்குத் தலை சுற்றிவிட்டது. நர்சம்மாவிடம் காட்டினோம். குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், சேதி ஊரப்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நாங்கள் வருவதற்குள் மாப்பிள்ளை ஜெபகுமார் காரோடு வாசலில் நின்றான். கூடவே அவன் அம்மா ஹெலன். நல்ல பொம்பளை. ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்மந்தி, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. வெயில் தாழட்டும், திரும்பக் கொண்டாந்து வுட்டுடறோம். கொழந்தை முக்கியமில்லையா?" என்றார். முக்கியமில்லை என்றா சொல்வேன்?

ஜாய்ஸ் ஏறும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கோச்சுக்காதம்மா." அப்புறம் அப்பாவைப் பார்த்து, "போய்ட்டு வரேன் நைனா" என்றாள். அவர் காரின் கதவைச் சாத்திவிட்டு, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கார் மண்டபத்தைத் தாண்டித் திரும்பியதும், பேண்ட் சட்டையைக்கூட மாற்றாமல் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிட்டார். சாப்பாடு மூடியது மூடியபடி கிடந்தது.

நான் வீட்டைப் பெருக்கினேன். பெருக்கின வீட்டையே மறுபடி பெருக்கினேன். அவள் கட்டில் விரிப்பை எடுத்து நனைக்கப் போனவள், நனைக்க மனமில்லாமல் திரும்ப விரித்தேன். பத்தியத்துக்கு என்று உரித்து வைத்த பூண்டு ஒரு தட்டு நிறைய இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சமையலறையிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு, அக்கம்பக்கம் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். பெரிய ரோஷக்காரன். ரோஷத்தையே விரித்து அதில் படு.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்தால், ஒரு குட்டியானை வண்டி பின்பக்கமாக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. வண்டி கொள்ளாமல் முடைந்த தென்னங்கீத்து. மேலே சவுக்குக் கம்புகள். பின்னாலேயே டிவிஎஸ்ஸில் என் வீட்டுக்காரர். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இதை நேற்றே செய்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா. அவர் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். "எங்கேந்துய்யா?" என்று மட்டும் கேட்டேன்.

"தோப்புலேந்துதான். தோப்புக்காரரு பேரன் இப்ப கீத்து முடைஞ்சு விக்கிறான்."

"பின்னாலயா போன?"

"முன்வாசல்ல போயி நின்னு ஹாரன் அடிச்சேன்" என்றார். சொல்லும்போது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதல் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்தார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் காலனியில் கீத்தை வீட்டிலிருந்து இறக்கித்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை. பார்வதம் அவள் மாடியிலிருந்து, "இன்னாண்ணாத்த, மாடி வூட்டக் குடிசை ஆக்கிறியா?" என்று கேட்டாள். அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆமா. என் பொண்ணு படுக்கணும். ஒனக்கு இன்னா?" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. பார்வதம் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு மோர்ச் சொம்பு எங்கள் வாசலுக்கு வந்தது.

மேல் மாடி என்றைக்காவது எழுப்பலாம் என்று தூண்களில் விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து வளைந்து நின்றன. அவற்றைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, அதில் சவுக்குக் கம்பைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். டங், டங் என்று தளம் முழுக்க அதிர்ந்தது. நான் கீழேயிருந்து கீத்தைக் கட்டுக் கட்டாக மேலே சுமந்து கொடுத்தேன். கிழக்குப் பக்கம், ஜாய்ஸ் படுக்கிற அறைக்கு மேலே, முதல் வரிசை ஏறியது. வெள்ளைத் தளத்தில் நிழல் விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிழலில் கால் வைத்துப் பார்த்தேன். சுடவில்லை.

"போன் போடு அவளுக்கு. எப்ப வரான்னு கேளு" என்றார், சுத்தியை நிறுத்தாமல்.

போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஹெலன்தான் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தூங்குறா சம்மந்தி. வந்தவ சாப்புட்டுட்டுப் படுத்தவதான், பொரளவேயில்ல. எவ்ளோ நாள் தூக்கமோ பாவம். எழுப்பட்டுமா?"

எழுப்புங்கள், அவள் அப்பா கீத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லுங்கள், இப்போதே கிளம்பி வரச் சொல்லுங்கள். இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. "வோணாம்" என்றேன். "தூங்கட்டும். எழுப்பாதீங்க."

போனை இடுப்பில் செருகினேன். என்னால் சட்டென்று அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

"இன்னாவாம்?"

"தூங்குறாளாம்" என்றேன்.

அவர் ஓங்கிய சுத்தியை அடிக்கவில்லை. அப்படியே மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் ஒரு கீத்தின் மேல் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, கைப்பிடிச் சுவரில் குந்தி, ஒரு கையால் கம்பை அணைத்துக்கொண்டு ஓசைப்படாமல் கட்ட ஆரம்பித்தார். அடுத்த கட்டைக் கொண்டு போன நானும் அதைத் தொப்பென்று போடாமல் மெதுவாக இறக்கி வைத்தேன். எங்களுக்குக் கீழே ஜாய்ஸின் காலி அறையில், யார் போட்டுவிட்டுப் போனதோ, ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.