உபய நாட்காட்டியில் இருளாயி

“அது கோயில் காலண்டருடா, மடையா!”

பிரமிளா போட்ட சத்தத்தில், ஈப்போவின் அந்த மாடியறைக்குக் கீழே கோப்பிக் கடையில் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ரூபன் போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

இருவரும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். பழைய ரப்பர் தோட்டத்து மக்கள் அதில் வந்து பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நலம் விசாரித்து, நாள் குறிப்பது பிரமிளாவின் வழக்கம். ரூபனுக்கு அது பொறுக்காது. “எத்தன பேருக்குக்கா போன் போடுவீங்க, சூசாலா, பெரிய தொல்ல! ஒரு ஆப் இருக்கு, இலவசம். அதுவே நாள் குறிச்சிக்கும்” என்று போன வாரம் பல்லை இளித்தான்.

“அது என்னென்ன கேக்குதுன்னு பாத்தியா?”

“எல்லா ஆப்பும் கேக்கத்தான் செய்யும்லா.”

கேட்ட இடத்திலெல்லாம் ‘அனுமதி’யைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறான், புண்ணியவான். அவன் போனில்தான் சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மன் கோயில் திருவிழாக் காலண்டரும் இருந்தது. எந்த நாள் யார் உபயம் என்று கமிட்டிக்காரர்கள் பார்ப்பதற்காக அவனே போட்டுக் கொடுத்தது. செயலி நேராக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மார்க்கெட் வியாபாரிகள் உபயத்துக்கும் லாரிக்காரர்கள் உபயத்துக்கும் நடுவில், ‘இருளாயி பேட்டி, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டல்’ என்று பளிச்சென்று விழுந்து கிடந்தது. கமிட்டியில் இருக்கும் மங்களம் அக்கா போன் போட்டு, “செவ்வாக்கெழம இருளாயி உபயமா?” என்று கேட்ட பிறகுதான் பிரமிளாவுக்கு விஷயமே தெரிந்தது.

கமிட்டித் தலைவர் யார்? மகேந்திரன். தோட்டத்தை வாங்கிய கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருக்கும் அதே மகேந்திரன்! மாற்று வீடு தராமல் நகரமாட்டேன் என்று நிற்கும் இருளாயி, “எம் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது பிள்ள” என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். பிரமிளா அந்தக் காளியம்மா மேலேயே சத்தியம் செய்திருந்தாள்.

“அழிடா அத!”

அழித்தான். ‘இருளாயி பேட்டி ரத்து’ என்று கமிட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி பறந்தது. அதுவரை பார்க்காதவனும் இப்போது பார்த்துவிட்டான்.

பிரமிளா காரை விரட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்த ரூபன், “நான் வேணும்னா செஞ்சேன்?” என்று முனகினான்.

“வாயத் தொறந்த, நடுரோட்டுல எறக்கி விட்டுருவேன்!”

இருளாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“மகேந்திரன் அண்ணே இப்பதான் வந்துட்டுப் போறாரு. கம்பெனியப் பத்தி ரேடியோவுல பேசப் போறியாமே, பேசு, மாத்து வீடு மட்டும் கேட்டு வராதேன்னுட்டாரு. வார மாசம் இங்கேருந்து போயிடணுமாம்.”

“அக்கா, சத்தியமா நாங்க யார்கிட்டயும் சொல்லல. அது அந்த ஆப் பண்ணுன வேல.”

“அதுக்கு எம் பேரு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?”

ஆப்பில் அந்தப் பேரைப் போட்டது ரூபன். ரூபனுக்குச் சொன்னது யார்? வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்த பிரமிளாவுக்கு இப்போது தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து ரூபனின் போன் கிணுகிணுத்தது.

“என்னாவாம்?” என்றாள் இருளாயி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அந்த ஆப்புதான்... ஒங்க நேரம் மிச்சமாச்சான்னு கேக்குது.”

“ஆச்சின்னு போடு” என்று எழுந்தாள் இருளாயி. “இனி எங்கிட்ட வர வேண்டிய வேலையும் மிச்சம்.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.