மனுவில் இல்லாத பெயர்

அஞ்சலாட்சி வாசல் கதவைத் தாழ்போட்டோமா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிற பெண். ஆனால் அண்ணன் தணிகாசலம் ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுபடி பார்க்க மாட்டாள். அவ்வளவு நம்பிக்கை. பதினேழு வயதில் அப்படி யாரையாவது நம்பித் தொலைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

தணிகாசலத்துக்கு மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா வேலை. பிரெஞ்சில் மனு எழுதுவதில் கெட்டிக்காரன். அந்த வருஷம் அவனுக்கு ஓயாத கிராக்கி. 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர் இந்தியர். இப்படி எழுதிக் கொடுப்பதற்கு ஊரில் ஒப்சியோன் என்று பெயர். முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளிகள் பாதிப் பேருக்கு அதை எழுதிக் கொடுத்தவன் தணிகாசலம்தான்.

அஞ்சலாட்சியின் கவலை வேறு. அவள் கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டாள். அப்பா சக்கரபாணி தறி ஓட்டுகிற ஆலைக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகள் உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. அதைக் கட்டினவன் அதில் ஒரு மத்தியானம்கூடப் படுத்திருக்க மாட்டான் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். அவளும் அங்கேதான் பிறந்தாள்.

பிரெஞ்சுப் பள்ளியில் கடைசிப் பரீட்சை தேறியதும் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டாள், இரண்டிலிருந்தும் பதில் வந்தது. மெட்ராஸ் கல்லூரி அடுத்த ஜூலையில் சேரலாம் என்று விண்ணப்பத் தாளும் அனுப்பியது. ஐந்து வருஷம், விடுதி உண்டு. பாரிஸில் ஒரு கட்டடக்கலைப் பள்ளி, வந்து நுழைவுத் தேர்வு எழுதலாம், உதவித்தொகையும் கிடைக்கும், ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்க வேண்டும் என்றது.

"ரெண்டையும் எழுதி வெச்சுப் பாக்கலாம். அவசரப்படாத," என்றான் தணிகாசலம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டான். இடப்பக்கம் மெட்ராஸ், வலப்பக்கம் பாரிஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினான்.

"பாரிஸ்ல குளுருக்கு வீடு கட்டக் கத்துக்குவ. நீ கட்டப்போறது வெயிலுக்கு."

அது நியாயமாகப் பட்டது அவளுக்கு. எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"மெட்ராஸ்னா அஞ்சு வருஷம், கணக்குத் தெரியும். அங்க எப்ப முடியும்னு அவனுக்கே தெரியாது."

அதையும் எழுதினான். இடப்பக்கம் நிறைந்துகொண்டே போனது. வலப்பக்கத்துக்குத் தானே ஏதாவது சொல்லி ஈடுகட்ட வேண்டியிருந்தது அவளுக்கு. அண்ணன் எல்லாவற்றையும் எவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொல்கிறான் என்று தோழிகளிடம் பெருமை அடித்துக்கொண்டாள். ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது.

கடைசியில் அவளை முடிவுசெய்ய வைத்தது நோட்டு அல்ல. பாரிஸ்காரர்கள் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் அந்த வரிசை வீட்டை அளந்து வரைந்து அனுப்பியிருந்தாள். அவர்களுடைய அடுத்த கடிதத்தோடு படமும் திரும்பி வந்தது. யாரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் பிரெஞ்சில் ஒரு வரி எழுதியிருந்தார்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? அவ்வளவுதான். அவள் வரைந்ததைப் பார்த்து அதுவரை ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாளோ, தாளின் மடிப்பு கிழிந்தே போயிற்று.

"பாரிஸ்தாண்ணா," என்றாள் அடுத்த ஞாயிறு.

தணிகாசலம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் ஒரு வாரம் யோசி," என்றான்.

அடுத்த வாரமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரமும். ஒப்சியோன் எப்போது கொடுக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, "நாள் கெடக்குது, நான் பாத்துக்கறேன்," என்றான். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவனுக்குச் சொந்த வீட்டு மனுவுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு உதவியாக இருக்கட்டுமே என்றுதான், டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரிக்கத் தானே கொன்சுலாவுக்கு, பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்கு, போனாள்.

அங்கிருந்த அலுவலர் அப்பா பெயரைக் கேட்டார். உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார்.

"உங்க அப்பா அக்டோபர் மாசமே குடுத்துட்டாரே. அண்ணனும் தனியாக் குடுத்திருக்காரு."

அஞ்சலாட்சிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். அலுவலர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணனின் அழகான சாய்ந்த கையெழுத்து. சக்கரபாணி, ஆலைத் தொழிலாளி. பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள்: தெய்வசிகாமணி, ஆண், பன்னிரண்டு வயது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அப்பாவின் கையெழுத்து.

அவள் பெயர் இல்லை.

"அப்பா எழுதிக் குடுக்கறதுதாம்மா பசங்களுக்கும். பேரு இருக்கணும்," என்றார் அலுவலர். "பதினாறு தாண்டின பையன், கல்யாணம் ஆனவன்னா அவனே எழுதிக் குடுக்கலாம். பொண்ணுக்கு அது கெடையாது. பிப்ரவரி வரைக்கும் நாள் இருக்குது. அப்பாவ நேர்ல வரச்சொல்லு, கேட்டுப் பாக்கலாம். முடியும்னு நான் சொல்லல."

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அவள் அப்பாவுக்காகத்தான் பதறினாள். அப்பாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். பெற்ற அப்பாவையே ஏமாற்றியிருக்கிறானே இவன் என்று பொருமினாள். காலை ஷிப்ட் முடிந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ராஜாம்பாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தணிகாசலம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்பா, அண்ணன் எழுதின மனுவுல என் பேரு இல்ல. தம்பி பேரு மட்டும் இருக்குது. உங்களுக்குத் தெரியாமலே செஞ்சிருக்காரு. வாங்க, இப்பவே போய்ச் சொல்லலாம்."

சக்கரபாணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும்மா," என்றார்.

அண்ணன் செய்ததைவிட இதுதான் அதிகம் வலித்தது.

தணிகாசலம் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தான். மேரியில் பேசுகிற குரலிலேயே பேசினான். "அம்மா எங்கயும் வரமாட்டேன்னுட்டாங்க. நாங்க மூணு பேரும் அந்தப் பக்கம் போயிட்டா இந்தப் பக்கம் அம்மாவோட ஒரு ஆள் வேணுமில்ல? ரெண்டு பக்கமும் கால் வெச்சிக்கறதுதான் புத்தி. எல்லா வீட்டுலயும் இப்பிடித்தான் பிரிச்சி எழுதறாங்க."

"என்னக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா பாரிஸ்னு சொல்லியிருப்ப."

"அப்பறம் எதுக்கு வாராவாரம் கூட்டிட்டுப்போய்க் கேட்ட? எதுக்கு அந்த நோட்டு?"

முதல் முறையாக அவன் தடுமாறினான். "நீயா மெட்ராஸ்னு சொல்லிட்டா, இது உனக்குத் தெரியாமலே போயிடும்னு பாத்தேன். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டு எழுதினானே, அந்த முகத்தை இனி எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காசு பணத்தை அவன் எடுத்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

"அப்பா, பிப்ரவரி வரைக்கும் நாள் இருக்குதாம். நீங்க வந்து கேட்டா போதும். வாங்கப்பா."

சக்கரபாணி கை கழுவினார். சட்டையைத் தேடவில்லை. கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலடி," என்றாள் ராஜாம்பாள். அகப்பை இன்னும் கையிலேயே இருந்தது. அது பொய்யில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவளையும் ஒரு வார்த்தை கேட்காமல்தான் மகளை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் அஞ்சலாட்சி மெட்ராஸ் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினாள். தணிகாசலம் ஆறுதலாக மூச்சுவிட்டு, தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"குடு, பாதுகாவலர் எடத்துல நான் போட்டுடறேன். ஜூலைல நானே கொண்டுபோயி விடுறேன்."

அவள் தாளை இழுத்துக்கொண்டாள். "உன் கையெழுத்து இதுல செல்லாது. அப்பாவுதும் செல்லாது. நீங்க வெளிநாட்டுக்காரங்க. இந்த வீட்டுல நானும் அம்மாவுந்தான் இந்தியா."

அப்படி ஒரு விதி அந்தத் தாளில் எங்கும் இல்லை. மனு எழுதுவதில் கெட்டிக்காரனான தணிகாசலத்துக்கு அது தெரியும். இருந்தும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்து போனான்.

ராஜாம்பாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து, மகள் காட்டிய இடத்தில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மெட்ராஸ் உனக்குப் புடிச்சிருக்குதாடி?"

அஞ்சலாட்சி உண்மையைத்தான் சொன்னாள். "என்னக் கேட்டிருந்தா புடிச்சிருந்திருக்குமோ என்னமோ. இனிமே அது எனக்குத் தெரியவே தெரியாதும்மா."